கடலடிக்கு ஒரு கோடு போதாது

கடலைக் கீறச் சொன்னால் எல்லோரும் மேற்பக்கத்தைத்தான் கவனமாகக் கீறுவார்கள். அலை, நுரை, ஒரு தோணி, வானத்தில் இரண்டு மூன்று பறவைகள். அடியைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. பெரிய மட்டை ஒன்றில் நீலத்தைக் கரைத்துப் பூசி, நடுவில் மீன்களை விட்டு, கீழே அடிமட்டத்தை வைத்து மண்ணிறத்தில் ஒரு கோடு இழுத்து, கொண்டுபோய் விலங்கியல் ரீச்சரின் மேசையில் வைத்தேன்.

அவர் மீன்களைப் பார்க்கவில்லை. அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவினார்.

“இது என்ன புள்ள?”

“கடலிட அடி, ரீச்சர்.”

“அடி இப்பிடியா இரிக்கும்? ஆர் போய் இத அழுத்தி விட்டது?”

பகிடியாகவோ கோபமாகவோ கேட்கவில்லை. உண்மையிலேயே யாரோ போய் அழுத்திவிட்டார்கள் என்று கவலைப்பட்டவர்போல இருந்தது முகம். மேலே உள்ளதெல்லாம் அப்படியே இருக்கட்டும், அடியை மட்டும் திருப்பிக் கீறித் தா என்றார்.

பல தடவை திருப்பிக் கீறினேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்வார். இந்த இடத்தில் சேறு தடிப்பாக இருக்க வேண்டும். இங்கே ஒரு பள்ளத்தாக்கு. இங்கே வெள்ளத்தில் ஆறு கொண்டுபோய்த் தள்ளிய மரம். இங்கே செத்துத் தாழ்ந்த திமிங்கிலத்தின் எலும்பு. இந்தப் பக்கம் ஒன்றும் வேண்டாம், ஒரே ஒரு கல் மட்டும். அடி மேலே மேலே ஏறி வந்து கடைசியில் படத்தில் தண்ணீருக்கு இடமில்லாமல் போயிற்று. மீன்களை எங்கே விடுவது என்று கேட்டேன்.

“மீன் தனக்கு இடம் பாத்துக்கொள்ளும்,” என்றார்.

நான் ஆரையம்பதிக்காரி. சித்திரம் படிப்பிக்க முதல் நியமனம் வாழைச்சேனைப் பக்கத்தில் கிடைத்தது. சண்டை நடந்த காலம். காலையில் வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, படிப்பித்துவிட்டுப் பின்னேரம் திரும்பலாம் என்று நம்ப முடியாது. எந்தச் சோதனைச் சென்றியில் பஸ்ஸை மறிப்பார்கள், எவ்வளவு நேரம் வெயிலில் நிறுத்திவைப்பார்கள் என்பதெல்லாம் அன்றன்றைக்குத்தான் தெரியும். கடதாசி ஆலைக்குப் பின்பக்கம் விலங்கியல் ரீச்சர் வாடகைக்கு இருந்த வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. வந்து இரி என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா. பிள்ளைகளுக்கு ரீச்சர். சந்தையில் மட்டும் ‘குடல் ரீச்சர்’.

சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போவார். மீன் வாங்காவிட்டாலும் குடல் வாங்காமல் வரமாட்டார். மீன் வெட்டும் பெண்கள் வயிற்றைக் கிழித்து வாளிக்குள் எறிவதை வாழையிலையில் கட்டித் தரச் சொல்லிக் கொண்டுவந்து, குசினிக்குப் பின்னால் குந்தியிருந்து, வெள்ளைப் பேசினில் தண்ணீர் விட்டு ஒவ்வொன்றாகத் திறப்பார். பாதி சமித்த இறால், நண்டுக்கால், சங்கின் உடைந்த துண்டு வரும். எப்போதாவது ஒரு சொட்டுச் சாம்பல்நிறச் சேறு வரும். அதைக் கண்டால் அவருக்கு வேறொன்றும் தெரியாது. கழுத்தில் கறுப்பு நூலில் கோத்த கைவில்லை ஒன்று எப்போதும் தொங்கும். மற்றப் பெண்களுக்குத் தாலி தொங்குகிற இடத்தில் இவருக்குக் கண்ணாடி தொங்குகிறது என்று ஆசிரியர் அறையில் ஒரு பகிடி இருந்தது. அந்தக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குனிந்தாரென்றால் சோறு ஆறிக் குழம்பில் ஆடை படர்ந்த பிறகுதான் நிமிருவார். ஊர்ப் பூனைகளெல்லாம் எங்கள் வேலியில் இருக்கும்.

“என்னக்கா இதுக்குள்ள தேடுறீங்க?”

“எனக்கு அடிக்குப் போக ஏலா. போய் வந்ததிட வயித்தப் பாக்கிறன்.”

மெய்தான். கல்குடாக் கடல் சைக்கிளில் போகிற தூரம். ஆனால் கரையெல்லாம் முகாமும் முள்ளுக்கம்பியும். பாஸ் உள்ள மீன்காரரைத் தவிர வேறு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. வாடைக்காற்று வீசுகிற நாட்களில் ஆலையின் மதில் தாண்டி இரைச்சல் கேட்கும். அக்கா கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பார். அவ்வளவுதான் அவருக்கும் கடலுக்கும் இருந்த உறவு. திறந்துவிட்டாலும் இறங்கியிருப்பார் என்று சொல்ல முடியாது. அவருக்கு நீச்சல் தெரியாது, தண்ணீருக்குப் பயமும் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், ஆராய்ச்சிக்கு வந்த வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில் சில மாணவர்களைக் கொஞ்ச நாள் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவரும் போனார். கம்பியில் கட்டிய இரும்புப் பெட்டியை இறக்குவார்களாம். சாப்பிட்டு முடித்துக் கோப்பை கழுவி வைத்த பிறகும் அது இறங்கிக்கொண்டே இருக்குமாம். ஏற்றியதும் பெட்டி நிறையச் சேறு. அக்காவுக்கு ஏறிய நேரம் முதல் சத்தி. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் சேற்றை அரித்திருக்கிறார். புழுக்கள், சின்னச் சின்ன மட்டிகள். பிறகு ஒருநாள் பெட்டிக்குள் ஒரு கல்லும் அகப்பட்டுக்கொண்டு வந்தது. கைப்பிடிக்குள் அடங்குகிற கல். அதில் கடற்பஞ்சு ஒன்று, பூப்போல விரிந்த பிராணி ஒன்று, அதன் காலைச் சுற்றி மெல்லிய கைகளுள்ள நட்சத்திரமீன், அந்தக் கைகளுக்கிடையில் கண்ணுக்குத் தெரியாத வேறு சில.

“அந்தக் கல்லில இருந்ததில ஒண்டுகூட அந்தச் சேத்தில இல்ல புள்ள,” என்பார். இதைச் சொல்லும்போது அந்தக் கல் இன்னும் உள்ளங்கையில் இருப்பதுபோல விரல்கள் மடியும்.

அந்த வேலையைத் தொடர்ந்து படிக்க வெளிநாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா படுக்கையில் விழுந்ததால் போகவில்லை. அப்பா காலமான பிறகு பாதைகள் பூட்டிவிட்டன. பாதை திறந்த நேரம் கூப்பிட்டவர்கள் மறந்துவிட்டார்கள். அரிசியில் கல் பொறுக்கியபடி ஒருநாள் இதைச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

எதைக் கண்டாலும் அது எதில் இருந்தது என்றுதான் கேட்பார். தூண்டிலில் சிக்கிய செந்நிறப் பவளக் கொப்பு ஒன்றை ஒரு மீன்காரர் ஆசையோடு கொண்டுவந்தார்.

“எங்க பட்டது?”

“கடலிலதான் ரீச்சர்.”

“கடலில எங்க? சேத்திலயா, கல்லிலயா?”

“அதெங்க நான் பாத்த?”

திருப்பிக் கொடுத்துவிட்டார். இடம் தெரியாவிட்டால் அது வெறும் சாமான், பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுங்கள் என்றார். அந்த மனிதர் முகம் சுருங்கிப் போனதை அவர் கவனிக்கவில்லை.

இதே கேள்விதான் ஆட்களிடமும். படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பிள்ளை வகுப்பில் வாயே திறக்காமல் இருந்தது. பெயரைக் கேட்டாலும் தலை குனியும். அக்கா அதனருகில் போய், “உங்கட வளவில என்ன மரம் நிண்டது? கிணத்துத் தண்ணி உப்பா, நல்லதா?” என்று கேட்டார். அந்தப் பிள்ளை கிணற்றில் தொடங்கி வேலிக்கு அங்கால் இருந்த வயல் வட்டை வரை சொல்லிவிட்டுத்தான் நிறுத்தியது.

ஒருநாள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளை, கூட்டிப் பெருக்கிய பள்ளி முற்றத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். வெறும் மணல். எறும்பைத் தவிர ஒன்றுமில்லை. சுவரோரம் கிடந்த ஓர் உடைந்த செங்கல்லைப் புரட்டச் சொன்னார். பூரானும் மரவட்டையும் கலைந்து ஓடின, வெள்ளைப் புழு நெளிந்தது, நத்தை முட்டை கிடந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள்.

“கத்தாதீங்க. ஒரே ஒரு கல்லு. இதில்லாட்டி இதுகள் எங்க போகும்? ஆழ்கடலும் இப்பிடித்தான். பெரிய வெளிதான். ஆனா ஒரே வெளி இல்ல. ஒரு கல்லு, ஒரு எலும்பு, ஒரு குழி இரிந்தாப் போதும், அங்க வேற ஒரு கூட்டம் வந்து குடியேறிரும்.”

கல்லை அவரே குனிந்து பழையபடி மெதுவாக வைத்தார்.

வீட்டுக்கு வந்து போகிற மனிதர்கள் இல்லை. சொந்தக்காரர்கள் எப்போதோ வெளிநாடு போய்விட்டார்கள். ஊரில் நல்லது கெட்டதுக்கு முதலில் கூப்பிட்டுத்தான் பார்த்தார்கள். ஒரு கல்யாண வீட்டில் பொம்பிளையின் தாய் இவரைப் பார்த்து, நீங்கள் ஏன் ரீச்சர் ஒருவரையும் கல்யாணம் முடிக்கவில்லை என்று கேட்டுவிட்டார். இவர் ஆழ்கடலில் உள்ள ஒரு மீனைப் பற்றிச் சொன்னார். அந்த இருட்டில் ஒருத்தரை ஒருத்தர் தேடிப் பிடிப்பது கஷ்டமாம். அதனால் விரலளவு ஆண்மீன் பெண்மீனைக் கண்டதும் கடித்துப் பிடித்து, அதன் உடம்போடு ஒட்டி, அதன் இரத்தத்திலேயே காலம் முழுவதும் கிடக்குமாம். மாப்பிள்ளை வீட்டாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு கல்யாணச் செய்திகள் எங்கள் வேலிப் படலையில் நிற்காமல் தாண்டிப் போயின.

தவமணி சந்தையில் மீன் வெட்டுகிறவள். எங்களுக்குக் குடல் கட்டித் தருகிறவளும் அவள்தான். அவளுடைய மனிசனும் தம்பி யோகனும் ஒரு பழைய பலகைப் போட்டில் தொழிலுக்குப் போவார்கள். கரையிலிருந்து இவ்வளவு தூரந்தான் போகலாம் என்று அப்போது ஓர் எல்லை இருந்தது. எல்லைக்குள் மீன் இல்லை. ஒருநாள் விடியப்புறம் அவர்கள் எல்லையைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். கரையில் நின்றவர்களுக்கு வெடிச்சத்தம் கேட்டது. யார் சுட்டார்கள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று நினைத்தார்கள். யாரும் வாய்விட்டுக் கதைக்கவில்லை. மத்தியானம் வேறொரு போட் யோகனை ஏற்றிக்கொண்டு வந்தது. வெறும் எண்ணெய்க் கான் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்திருக்கிறான். போட் பிளந்துவிட்டது, அத்தான் வலைக்குள் மாட்டுப்பட்டுப் போட்டோடு தாழ்ந்து போனார் என்று சொன்னான். பிறகு கானை விடாமல் மணலில் குந்திவிட்டான்.

சடலம் கிடைக்கவில்லை. எட்டுச் சடங்கும் முப்பத்தொன்றும் படத்தை வைத்து நடந்தன. அதெல்லாம் முடிந்து சில நாளில் ஒரு பின்னேரம் தவமணி எங்கள் படலையில் வந்து நின்றாள்.

“கடலுக்கு அடியில உள்ளதெல்லாம் உங்களுக்குத் தெரியுமாமே ரீச்சர். அவர் கிடக்கிற இடம் என்ன மாதிரி?”

அக்கா ஏதாவது ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கதிரை எடுத்துப் போட்டார். எந்தப் பக்கம் போனார்கள், எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியது என்று தன் வழக்கப்படி கேட்டார். யோகன் சொல்லித் தனக்குத் தெரிந்ததைத் தவமணி சொன்னாள்.

“அப்ப அது சரிவுக்கு அங்கால. அங்க கல் இல்ல தவமணி. சேறு. அரிச்ச மாப்போல மெல்லிசு. வெளிச்சம் போகாது. நல்ல குளிர். அலை, காத்து ஒண்டும் அங்க தெரியா.”

“ஒண்டுமே இல்லையா?”

“இரிக்கு. சேத்துக்குள்ள புழு இரிக்கும், மேல கடலட்டை ஊரும். ஆனா இப்ப அந்தச் சேத்தில ஒரு போட் கிடக்கு. முன்னம் அங்க அப்பிடி ஒண்டு இரிக்கல்ல. பலகையத் துளைக்க ஒருசாதி மட்டி வரும். அது மரத்தில மட்டுந்தான் சீவிக்கும். அதுக்கு மறுகா எஞ்சின் இரும்பில பூப்போல உள்ளதுகள் வந்து ஒட்டும். சேத்தில நிக்க ஏலாததுகளெல்லாம் அதில வந்து நிக்கும்.”

தவமணி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப அவர்?”

நான் அக்காவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவர் கண்டார். கண்டும் சொன்னார்.

“அவரையும் தின்னும் தவமணி. அங்க ஒண்டும் சும்மா கிடவாது.”

தவமணி எழும்பினாள். செருப்பைக்கூடப் போடாமல் போய்விட்டாள்.

“ஏனக்கா இப்பிடிச் சொன்னீங்க?” என்று நான் கத்தினேன்.

“கேட்டாவே புள்ள. பொய்யா சொல்ல?”

அடுத்த நாள் யோகன் வந்தான். படலையைப் பிடித்து உலுப்பிக்கொண்டு, “செத்த மனிசனையும் விடமாட்டியா நீ? குடல் பாக்கிறது காணாதெண்டு எங்கட அத்தான்ட உடம்பும் வேணுமா உனக்கு?” என்று கத்தினான். அயலட்டை முழுவதும் கூடிவிட்டது. அக்கா வெளியே வந்து படியில் நின்று முழுவதையும் கேட்டார். கை மட்டும் கழுத்துக் கண்ணாடியைப் பிடித்திருந்தது. கத்திக் கத்தி யோகனுக்குக் குரல் அடைத்து, படலையிலேயே குந்தி அழத் தொடங்கினான். ஆட்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்காவிடம் ஒருவரும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் வெறும் பையோடு திரும்பி வந்தார். எந்தக் கடையிலும் குடல் இல்லையாம். அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். பேசின் குசினிச் சுவரில் கவிழ்ந்து கிடந்தது. பூனைகளும் வேறு வேலிகளுக்குப் போயின. பள்ளிக்கூடத்தில் அவர் வந்தால் கதை நிற்கும். பின்னேரங்களில் பின்படியில் இருந்து வெறும் மணலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் தேத்தண்ணி கொடுத்தால் வாங்கிக் குடிப்பார். தான் சொன்னது பிழை என்று ஒருதரமும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

நெடுநாள் கழித்துத் தவமணி வந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள்.

“வேலைக்குப் போறன் ரீச்சர். ஏலுதில்ல. செதிள் உரிப்பன், தலை வெட்டுவன். கத்திய வயித்தில வைச்சா கை நடுங்குது. உள்ளுக்க என்ன கிடக்குமோ எண்டு... வேற ஆளப் பாக்கப் போறன் எண்டு முதலாளி சொல்லுறார். ரெண்டு புள்ளையள வைச்சிக்கொண்டு நான் எங்க போற?”

அக்கா அவளைப் படியில் இருத்தினார்.

“நீங்க என்ன மீன் வெட்டுறீங்க?”

“சூரை, பாரை, அறுக்குளா. வாறதுதான்.”

“கேளுங்க தவமணி. சூரை மேல ஓடுற சாதி. பாரை கரையோரம், கல்லுப் பக்கம். அறுக்குளாவும் மேலதான். அவர் கிடக்கிற இடத்துக்கு இதுகள் ஒண்டும் போறல்ல. போனாச் சீவிக்கவும் மாட்டாது. அது வேற இடம். அங்க உள்ளதுகள் வேற. அதுகளும் மேல வாறல்ல.”

“மெய்யாத்தானா?”

“நான் உங்களுக்குப் பொய் சொன்னனா?”

தவமணி தலையாட்டினாள். ஆனால் நம்புவது ஒன்று, கை நடுங்காமல் இருப்பது வேறொன்று. அதை அக்காவும் விளங்கிக்கொண்டார். சனிக்கிழமை விடிந்ததும் பழைய சீலை ஒன்றை உடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். தவமணிக்குப் பக்கத்தில் பலகைக்கட்டை ஒன்றைப் போட்டுக் குந்தினார். தவமணி செதிளை உரித்து மீனைத் தள்ள, அக்கா வயிற்றைக் கிழித்தார். உள்ளே இருந்ததைக் கையில் எடுத்துக் காட்டினார்.

“பாருங்க. நெத்தலி. இதில கணவாய். வேற ஒண்டும் இல்ல.”

தவமணி பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பியபடியே அடுத்த மீனைத் தள்ளினாள். அக்கா அடுத்ததையும் கிழித்து, “நெத்தலி,” என்றார்.

முதல் நாட்களில் சந்தையே கூடிநின்று பார்த்தது. பட்டதாரி ரீச்சர் நிலத்தில் குந்தி மீன் வெட்டினால் பள்ளிக்கூடத்தின் மரியாதை என்னாவது என்று அதிபர் கூப்பிட்டுக் கேட்டார். “சனிக்கிழமைதானே சேர்,” என்றாராம் அக்கா. பிறகு ஆட்களுக்குப் பழகிவிட்டது. எந்தச் சனிக்கிழமை தவமணி முகத்தைத் திருப்பாமல் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் நான் போனபோது அவள் எட்டிப் பார்த்து, “அது நெத்தலி இல்ல ரீச்சர், சாளை,” என்று திருத்திக்கொண்டிருந்தாள். நாளாக நாளாகச் சூரையையும் பாரையையும் தானே வெட்டத் தொடங்கினாள். சுறா மட்டும் இல்லை. சுறாவைப் பற்றித் தான் ஒன்றும் சொல்லமாட்டேன், அது மேலும் போகும் கீழும் போகும் என்று அக்கா முதலே சொல்லிவிட்டார். சுறா வந்தால் அக்கா வெட்டுவார், தவமணி வெற்றிலை போட எழும்பிப் போவாள்.

இதற்கிடையில் பின்னேரங்களில் அவள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியிருந்தாள். படியில் இருந்து தேத்தண்ணியை ஊதிக்கொண்டு கேட்பாள்.

“இப்ப அங்க என்ன வந்திரிக்கும் ரீச்சர்?”

அக்கா விளையாட்டாகப் பதில் சொல்லமாட்டார். இப்போது பலகையில் அந்த மட்டி நன்றாகப் பிடித்திருக்கும். அது தின்று கழிப்பதைத் தின்ன வேறு புழு வந்திருக்கும். அந்தப் புழுவைப் பிடிக்க நண்டு. பலகை ஒருநாள் முடிந்துபோகும், அப்போது மட்டி எல்லாம் செத்துவிடும். எஞ்சின் இருக்கும். அதில் உள்ளதுகள் மெதுவாகத்தான் வளரும், அங்கே எதற்கும் அவசரமில்லை. தெரியாததைக் கேட்டால் தெரியாது என்பார். நான் முதலில் எழும்பி உள்ளே போய்விடுவேன். பிறகு நானும் கேட்கத் தொடங்கினேன். தவமணி, ஊரிலுள்ள யாரோ புதிதாக வீடு கட்டிக் குடிபோனதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பாள். “பூப்போல உள்ளது என்ன நிறம்?” என்று ஒருநாள் கேட்டாள். அங்கே வெளிச்சம் இல்லாதபடியால் நிறத்தைக் காண ஆளில்லை, ஆனால் மேலே கொண்டுவந்தால் சிலது சிவப்பு என்றார் அக்கா. தவமணி சிரித்தாள். தன் மனிசனுக்கும் சிவப்புத்தான் விருப்பம் என்றாள்.

அவள் வருகிற நாட்களில் அக்கா தலை வாரியிருப்பார். தேத்தண்ணியை முன்னமே போட்டு மூடி வைத்திருப்பார். படலைச் சத்தம் கேட்டால் ஒன்றும் தெரியாதவர்போல யன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

சமாதானம் வந்தது என்றார்கள். கடலைத் திறந்துவிட்டார்கள். போட்டுகள் எல்லையில்லாமல் போய்வரத் தொடங்கின. தன்னை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லித் தவமணி தம்பியிடம் கேட்டாள். அவன் கன நாள் மறுத்தான். கடைசியில் ஒன்று சொன்னான்.

“ரீச்சரும் வந்தா போவம்.”

அவன் அக்காவோடு அன்றைய சண்டைக்குப் பிறகு கதைத்ததில்லை. அக்கா ஓம் என்றார். அவருக்குத் துணையாக நானும் போனேன்.

காலையில் வெளிக்கிட்டோம். துறைமுகத்தைத் தாண்டியதும் அக்காவுக்குச் சத்தி தொடங்கிவிட்டது. தேசிக்காயை மணந்துகொண்டு, போட்டின் பலகையை இரு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். தவமணி ஒரு பையில் செவ்வரத்தம் பூக்கள் வைத்திருந்தாள். நீண்ட நேரம் ஓடினோம். தண்ணீர் நீலமாகிக் கறுத்தது. யோகன் அடிக்கடி கரையைத் திரும்பிப் பார்த்தான். குடும்பிமலையையும் ஆலையின் புகைக்கூண்டையும் வைத்துத்தான் அவர்கள் கடலில் இடம் பிடிப்பார்கள். அன்று கரையெல்லாம் மூட்டம். மலையும் இல்லை, புகைக்கூண்டும் இல்லை. அவன் எஞ்சினை நிறுத்தினான்.

“இஞ்சதானாடா தம்பி?” என்றாள் தவமணி.

யோகன் எஞ்சின் கயிற்றைச் சுருட்டினான். அவள் திரும்பவும் கேட்டாள்.

“தெரியா அக்கா. மலை தெரிஞ்சாலும் எனக்குத் தெரியா. அண்டைக்கு நான் இடம் பாக்கல்ல. அத்தான் கூப்பிட்டவர். வலைய வெட்டுடா எண்டு கூப்பிட்டவர். எனக்குக் கேட்டது. நான் நீந்தினன்.”

போட் ஆடிக்கொண்டிருந்தது. தவமணி பையைக் கட்டிப்பிடித்தபடி அவனையே பார்த்தாள். அவன் எஞ்சின் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா முந்தானையால் வாயைத் துடைத்தார். மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்து, பயத்தோடு தண்ணீருக்கு மேல் குனிந்தார்.

“தம்பி, எவ்வளவு நேரம் ஓடினனீங்க? நீரோட்டம் எங்கால?”

அவன் சொன்னான். கையால் காட்டினான். அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரோடு அத்தனை வருடம் இருந்த எனக்குத் தெரியும், அந்தத் தண்ணீரில் பார்க்க ஒன்றுமில்லை. எங்களுக்கும் அடிக்கும் இடையில் இருந்த ஆழத்தில் ஆலைப் புகைக்கூண்டை எத்தனையோ தரம் அடுக்கலாம்.

“இஞ்சதான்,” என்றார் அக்கா. “இதுக்கு நேர கீழ. எனக்குத் தெரியும்.”

யோகன் நிமிர்ந்து பார்த்தான். தவமணி பையை அவிழ்த்தாள். பூக்களை இரண்டு கையாலும் அள்ளித் தண்ணீரில் விட்டாள். அவை தாழவில்லை. நீரோட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விலகிப் போயின.

“போகுதே ரீச்சர். அவருக்குக் கிடையாதே.”

“போகட்டும். அழுகித் துகளாகி மெல்ல மெல்லக் கீழதான் போகும். மேல இருந்து விழுறத நம்பித்தான் அங்க எல்லாம் சீவிக்குது.”

சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை தவமணி பார்த்தாள். பிறகு தம்பியின் முதுகில் கையை வைத்தாள்.

“நீயாவது வந்தாய்தானே. எஞ்சின ஸ்டார்ட் பண்ணு. புள்ளையள் பள்ளியால வந்திருங்கள்.”

கரைக்கு வந்து வீட்டுக்கு நடக்கும்போது நான் கேட்டேன்.

“அக்கா, அதுதானா இடம்?”

“தெரியா,” என்றார். 

அதற்குப் பிறகு தவமணி வருவது குறைந்தது. கோபதாபம் ஒன்றுமில்லை. சந்தையில் கண்டால் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்து கதைப்பாள், குடலைக் கட்டித் தருவாள். சுறாவையும் அவளே வெட்டினாள். யோகன் தன் போட்டுக்குச் சிவப்புப் பூச்சு அடித்தான் என்று சொன்னாள். அவளுக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான். அக்கா சில காலம் பின்னேரங்களில் தேத்தண்ணி போட்டு மூடி வைத்துக்கொண்டிருந்தார். இருட்டுப்படுகிற நேரம் ஆறிப்போன இரண்டு கோப்பையையும் தானே குடித்துவிட்டுக் கழுவி வைப்பார்.

மறு வருடம் மலைநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றம் கேட்டு எடுத்துக்கொண்டார். கடலே காணாத ஊர். பெட்டி கட்டிக் கொடுத்து பஸ்ஸடிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். காலை வெயிலில் நின்றோம்.

“இஞ்சயே இரிக்கலாமே அக்கா. கடலும் இப்ப திறந்திட்டு.”

“ஓம். திறந்திட்டு.” பெட்டியின் கைப்பிடியைச் சரி செய்தார். “ஆனா பின்னேரத்தில ஆரும் வாறல்ல புள்ள.”

நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். ஆரையம்பதிக்கு மாற்றமும் கிடைத்திருந்தது. பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.